அம்புக்குறி இல்லாத போல்ட்டுகள்

தெரசம்மாளுக்கு வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. தோளுக்குள் பதித்திருந்த வலியடக்கி, "நிறுத்தட்டுமா?" என்று மறுபடியும் கேட்டது. வேண்டாம் என்றாள். செவ்வாயில் ஸ்பானர் பிடிக்கிறவர்கள் வேலை நேரத்தில் வலியை நிறுத்துவதில்லை. வலி தெரியாத கை, அளவு தெரியாமல் முறுக்கி மரையை அறுத்துவிடும்.

முன்னால் நின்றது குடியேற்றப் படையின் பழைய லாரி. அருங்காட்சியகம் கேட்டிருந்தது; ஆனால் உதிரிகள் அசல் என்று சான்று வேண்டும். பட்டாளச் சரக்கில் சின்னதாக அம்புக்குறி பொறித்திருப்பார்கள். அது இல்லாத போல்ட், கொக்கி, காற்று வால்வு எல்லாவற்றையும் கழற்றிக் கூடையில் எறிந்துவிட்டு, மற்ற லாரிகளிலிருந்து குறி உள்ளவற்றைத் தேடிப் பிடித்து மாட்டியிருந்தாள்.

அவள் அண்ணன் அருளப்பன் இதே லாரியை ஓட்டியவன். அசலை விற்றுத் தின்றுவிட்டுப் போலியை மாட்டினான் என்று பட்டாளம் அவனை விரட்டியது. தெரசம்மாளும் அதை நம்பினாள். இப்போது அவன் கூடைப் பக்கத்தில் நின்று அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கழட்டாதன்னு எத்தன தரம் சொன்னேன்? பூமியிலேருந்து வரும்போதே இப்படித்தான் வந்துச்சு தெரசா. அடிப் பெயின்ட் போல்ட்டு மேலயும் ஓடியிருக்கு. சுரண்டித்தான் பாரேன்."

"பெயின்டும் நீயே அடிச்சிருப்ப. திருடத் தெரிஞ்சவனுக்குப் பூசத் தெரியாதாக்கும்."

அருளப்பன் கூடையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டான்.

மதியம் அசலாய்வி வந்தது. உதிரி அசலா போலியா என்று சோதித்துச் சான்று தரும் எட்டுக் கால் எந்திரம். லாரி முழுக்க ஊர்ந்தது. கூடைக்குள்ளும் மூக்கை நுழைத்தது.

"சான்று கிடையாது. மாட்டியிருப்பவை வேறு வண்டிகளின் உதிரிகள். இந்த வண்டியின் அசல் கூடையில் கிடக்கிறது."

"அதெல்லாம் போலியாச்சே!"

"போலிதான். ஆனால் முதல் பூச்சு வண்டிக்கும் போல்ட்டுக்கும் சேர்ந்தே ஓடியிருக்கிறது. அடியில் செவ்வாய்த் தூசி ஒரு பொட்டும் இல்லை. பூமியில், ஆலையிலேயே மாட்டியது. திரும்ப மாட்டுங்கள், சான்று தருகிறேன்."

அருளப்பன் சிரித்தான். "கேட்டியா? போலிக்கே நல்லவன்னு பட்டயம் குடுக்கறான்."

அருளப்பனை விரட்டிய அன்றைய விசாரணையில் யாரும் பெயின்ட்டைச் சுரண்டவில்லை. ஆலை பூமியில் இருந்தது. டிரைவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். கிரகம் மாறி வந்தவர்கள், கைக்குக் கிடைத்தவன் மேல் பழி போடும் அந்த வழக்கத்தை மட்டும் பத்திரமாக மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள்.

தெரசம்மாள் கூடையை இழுத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், "அண்ணே, அந்தச் சின்ன ஸ்பானர எடு" என்றாள். அவன் எடுத்துக் கொடுத்தான்.

லாரிக்குச் சான்று வந்துவிட்டது. அண்ணனிடம் அவள் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.