நாலு கிலோ சிவப்பு

திங்கட்கிழமை காலையில் புதுப்பொள்ளாச்சியில் யாரும் வீட்டை விட்டு வெளியே போக மாட்டார்கள். அன்றுதான் ஒவ்வொரு வீட்டையும், உள்ளே இருக்கும் ஆட்கள், கட்டில், பூனை, வாசலில் நிற்கும் மிதவண்டி எல்லாவற்றோடும் சேர்த்து ஊர்த்தளம் நிறுத்துப் பார்க்கும். வெள்ளிக் கிரகத்தின் மேகங்களுக்கிடையே காற்றுப்பைகளின் தயவில் மிதக்கிற ஊர் அது. ஊரின் எடை கூடினால் ஊர் கீழே இறங்கும், கீழேயோ ஈயம் உருகுகிற சூடு. ஆகையால் வீட்டுக்கு இவ்வளவுதான் என்று ஓர் எடைப்பங்கு உண்டு.

சுவரில் தெரிந்த எண்ணைப் பார்த்து மனோன்மணிக்கு வாயெல்லாம் பல்.

"ஏனுங்க, முழுசா நாலு கிலோ கொறஞ்சிட்டீங்க. இன்னைக்கே பெயின்ட்டுக்குச் சொல்லிறலாமுங்களா?"

அவள் கணவர் பொங்கியண்ணனுக்குப் பதில் சொல்லவும் தெம்பில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மூன்று மாதமாக அவருக்கு இரண்டு வேளையும் கஞ்சிதான். நன்றாகச் சாப்பிட்டுப் பழகிய மனிதர் பாவம், கனவில்கூட பணியாரம் கைக்கு எட்டாமல் மிதந்து போனது.

இத்தனை பாடும் வாசலில் நின்ற பந்தய மிதவண்டிக்காக. வெள்ளியின் காற்றில் கரிக்குப் பஞ்சமே இல்லை. அதைப் பிரித்து நூலாக்கி, நெய்து, பசையூட்டி இறுக்கினால் கரியிழை. எஃகைவிட உறுதி, எடையோ மிகக் குறைவு. ஊரில் சுவர், கதவு, கரண்டி, குளியலறை வாளி எல்லாமே அதில்தான் செய்தது. கறுப்பாக, சாய்வுக் கட்டம் போட்டாற்போல ஒரு பின்னல். வாளியில் இருக்கிற அதே பின்னல் வண்டியிலும் தெரிந்தால் வண்டிக்காரருக்கு என்ன மதிப்பு? கௌரவமான குடும்பம் என்றால் வண்டிக்கு வண்ணம் பூச வேண்டும். பூச்சின் எடை நாலு கிலோ. அந்த நாலு கிலோவை வீட்டில் யாராவது ஒருவர் உடம்பிலிருந்து கொடுத்தாக வேண்டும். வண்ண வண்டி நிற்கிற வாசலைப் பார்த்தாலே, உள்ளே ஒருவர் பட்டினி கிடந்திருக்கிறார் என்று ஊரே மரியாதையாகப் பார்க்கும்.

மகள் தாரகை பூமிக்காரப் பையன் ஒருவனை விரும்பினாள். அவன் அப்பா நாச்சிமுத்து கோயம்புத்தூரிலிருந்து வியாழக்கிழமை வருகிறார். அவர் சரி என்றால்தான் கல்யாணம். "எங்கப்பா வண்டியப் பாத்துத்தான் வீட்டையே எடை போடுவாருங்க" என்று பையன் முன்பே எச்சரித்திருந்தான். அதைக் கேட்டு இரண்டு நாள் தாரகை சரியாகத் தூங்கவில்லை. பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு பொங்கியண்ணன் சோற்றுப் பக்கம் போவாரா?

வியாழக்கிழமை வண்டி குங்குமச் சிவப்பில் பளபளவென்று நின்றது. நாச்சிமுத்து வந்து இறங்கினார். ஆள் நல்ல வாட்டசாட்டம், தொப்பை அவருக்கு அரை அடி முன்னால் வந்தது. அவர் வாசலில் கால் வைத்ததும் வீடு கூவென்று ஊதியது. விருந்தாளி வந்தால் மட்டும் கிழமை பார்க்காமல் அப்போதே நிறுக்கும். விருந்தாளிக்கு நூறு கிலோ வரை சலுகை உண்டு. அவர் நூற்று நான்கு. எடை ஆய்வாளரம்மா ஓடி வந்தார்.

"ஆறு மணி நேரத்துக்குள்ள இந்த வீட்டுல நாலு கிலோ கொறையோணும். இல்லாட்டி விருந்தாளியத் திருப்பி அனுப்பிருவோமுங்க."

சம்பந்தம் பேச வந்தவரை எடை அதிகம் என்று திருப்பி அனுப்புவதா? பீரோவைத் தூக்கிப் போடலாமா என்று மனோன்மணி யோசிப்பதற்குள் நாச்சிமுத்து வண்டியின் கதவைத் திறந்துவிட்டார். உட்புறம் பூச்சு இல்லை. அங்கே அந்தக் கறுப்புப் பின்னலைக் கண்டதும் அவர் முகம் மாறியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் தாரகை.

"இதுக்கு மேலயா பெயின்ட் அடிச்சீங்க?" என்றார் நாச்சிமுத்து. "உரிச்சிருங்க. மொதல்ல இத உரிச்சிருங்க."

வேறு வழியும் இல்லை. நல்லவேளையாக அது தோல்போல உரிகிற பூச்சு. மூன்று மாதப் பட்டினி சுருள் சுருளாகக் கழன்று மூட்டையாக வீட்டை விட்டுப் போவதைப் பொங்கியண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வயிற்றிலிருந்து போன நாலு கிலோ இப்போது விருந்தாளியின் வயிற்றில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. கூவல் நின்றது.

நாச்சிமுத்து கறுப்பு வண்டியை விரலால் தடவினார். "பாருங்க, கதவுல ஆரம்பிச்ச சாய்வு, பின்பக்கம் வரைக்கும் ஒரு இழை பிசகாமப் போகுது. வெளிச்சம் பட்டா தண்ணி ஓடுறாப்பல இருக்குது. என்ற வண்டியிலயும் இப்புடித்தானுங்க, தகரத்தையும் பெயின்ட்டையும் கழட்டிட்டு இதையே போட்டேன். ரெண்டு வருசம் வரிசையில காத்துக் கெடந்தேன்."

"எதுக்குங்க அவ்வளவு பாடு?" என்றார் பொங்கியண்ணன்.

"அழகுதானுங்க. அதோட வண்டி நாலு கிலோ கொறஞ்சிருச்சில்ல. லேசா இருந்தாத்தான வேகம்." சொல்லிக்கொண்டே தட்டிலிருந்து ஐந்தாவது லட்டை எடுத்தார்.

பொங்கியண்ணன் வஞ்சகமில்லாத மனிதர். ஊர்ப் பழக்கத்தில் மனதில் பட்டதைக் கேட்டுவிட்டார்.

"அதுக்கு நீங்களே நாலு கிலோ எளச்சிருந்தா, வண்டி அதே வேகம் போயிருக்குமுங்களே?"

மனோன்மணி கணவரின் முதுகில் கிள்ளினாள். தாரகை கண்ணை மூடிக்கொண்டாள். நாச்சிமுத்து வண்டியைப் பார்த்தார், பிறகு தன் தொப்பையைப் பார்த்தார். மனதுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறவர்போல நெற்றியைச் சுருக்கினார். அப்புறம் தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"பூமியில இத்தன எஞ்சினியருங்க இருக்கறாங்க, இந்த யோசனை ஒருத்தனுக்கும் வரலீங்களே, சம்மந்தி."

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் தாரகை கண்ணைத் திறந்தாள். மனோன்மணி கிள்ளிய இடத்தைத் தடவிக் கொடுத்தாள். நாச்சிமுத்து பொங்கியண்ணனின் கையில் ஒரு லட்டை வைத்து அழுத்தினார்.

"சாப்பிடுங்க. நான் ஊருக்குப் போனதும் மொத வேலையா வண்டியோட சீட்டையும் கழட்டிப்புட்டு லேசானதா மாத்திப்போடறேன்" என்று சொல்லி, தனக்கும் இன்னொன்று எடுத்துக்கொண்டார்.