எலிசாளின் ஏழாவது கடிதம்

கடிதத்தில் ஈரம் இருந்தது. ஆடி மாதத்து ஓதத்தில் தபால் கட்டுக்குள் இருந்த மற்ற உறைகளும் நமுத்துத்தான் போயிருந்தன. ஆனால் இது மட்டும் அப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்ததுபோல விரலில் ஒட்டியது, புளித்த மரச்சீனிக் கிழங்குத் தோலின் வாடையும் அதிலிருந்து எழுந்து மூக்கில் ஏறியது. விலாசத்தைப் பார்த்ததும் கோலப்பனின் கை நின்றுவிட்டது. அஸ்ஸாம் எல்லையில் பட்டாளத்திலிருக்கும் சத்தியதாசுக்கு நேமத்திலிருந்து அவன் மனைவி எலிசாள் எழுதியது. முந்தின நாள் தபால் முத்திரை.

எலிசாள் செத்து இருபது நாளாகிறது.

தபால் கட்டு கொண்டுவரும் வேலாயுதன்தான் சொல்லியிருந்தான். "ஆ நேமத்துக்காரி மரிச்சுப்போயி சாரே. கைப்பிள்ளையும் கூடவே. பட்டிணிதான்."

"அடடா" என்றதோடு கோலப்பன் அடுத்த உறையைப் பிரித்துவிட்டான்.

யுத்தம் முற்றிய பிறகு கிடைத்த உத்தியோகம் அவனுக்கு. பட்டாளத்துக்குப் போகும் தமிழ்க் கடிதங்களைப் படித்து, கப்பல், பாலம், படை என்று வரும் வரிகளைச் சவர பிளேடால் வெட்டி எடுக்க வேண்டும். எலிசாள் அப்படி எதுவும் எழுதியவளில்லை. ரேஷன் டிப்போக்காரர் தன் கார்டுக்கு அரிசி இல்லை என்கிறார், மூட்டைகளை வெளியே விற்கிறார், உங்கள் துரையிடம் சொல்லி ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், பிள்ளைக்குப் பால் வற்றிவிட்டது என்றுதான் ஆறு கடிதங்களிலும் மன்றாடியிருந்தாள். அந்த டிப்போக்காரர் கோலப்பனின் மைத்துனர். ஆறு தடவையும் அந்த வரிகளை அவன் வெட்டினான். புருஷனுக்குப் போய்ச் சேர்ந்ததெல்லாம் ஸ்தோத்திரமும் முத்தமும்தான்.

உறையைப் பிரித்தான். சத்தியதாசின் பெயருக்குக் கீழே இரண்டே வரிகள்.

'இனி உங்களுக்கு எழுதிப் பிரயோசனமில்லை. வெட்டுகிறவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.'

குடையை மறந்து இறங்கினான். மழை நின்று, சாயங்கால வெளிச்சம் கலங்கிய கஞ்சித் தண்ணீர்போலத் தெருவில் தேங்கிக் கிடந்தது. கிள்ளிப்பாலம் தாண்டியபோது வண்டிமாட்டு மணி, தேங்காயெண்ணெய்ச் செக்கின் முனகல், யாரோ பிள்ளையை அதட்டும் குரல் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் அடங்கிப்போய், தன் செருப்புச் சத்தமும் அந்தப் புளித்த வாடையும் மட்டுமே கரமனையில் அவன் வீடுவரை கூட வந்தன.

வாசல் நடையில் அவன் மனைவி செண்பகவடிவு பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்தாச்சா? ஒரு பொம்பளை வந்திருக்கா. ஒங்களை நல்லாத் தெரியுமாம்."

"எங்கேருந்து?"

"நேமம். கைப்பிள்ளையோட. அரிசி கேப்பான்னு நெனச்சேன், கேக்கல்லே கேட்டியளா. நம்ம சாவித்ரிக்கு ஊட்டி விடட்டுமான்னா. பாவமாயிருந்துது. சரின்னேன்."

"எப்ப வந்தா?"

"மத்தியானம்."

உள்ளே போனான். நடுமுற்றம் இருண்டிருந்தது. அடுக்களையிலிருந்து ஒரு சத்தம். நறநறவென்று. நிற்கவில்லை. பல்லில் அரைபடும் சத்தம்.

"சாவித்ரி..."

நறநற.

கதவைத் தள்ளினான்.

மைத்துனர் அனுப்பிய அரிசிப் பெட்டி திறந்து கிடந்தது. அதன் பக்கத்தில் எலிசாள். தோல் எலும்போடு ஒட்டிய கை. மடியில் அவன் மகள். ஐந்து வயது. கன்னங்கள் உப்பியிருந்தன. உதட்டில் பச்சரிசி. மூக்கிலும் அரிசி. பாவாடைக்கு மேலே வயிறு பறைபோல விறைத்து நின்றது. கண்கள் மட்டும் அசைந்தன. அப்பாவைப் பார்த்தன.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லா அரிசியையும் எடுத்துக்கோ" என்றான். "எம்பிள்ளையை விட்டுரு."

எலிசாள் நிமிரவில்லை. குழந்தையின் வாய்க்குள் கட்டைவிரலால் அரிசியை இதமாகத் தள்ளினாள்.

"எம்பிள்ளை அழுதப்ப ஒரு பிடி இல்லே சாரே" என்றாள். "ஒங்க பிள்ளைக்கு இன்னும் பெட்டியில பாதி கெடக்கு."

பெட்டிக்குள் ஏதோ அசைந்தது. விளிம்பைப் பற்றிக்கொண்டு அவள் கைப்பிள்ளை எழுந்து நின்றது. இரண்டு சிறு கைகளையும் சேர்த்து அடுத்த பிடியை அள்ளி, ஒரு மணி சிந்தாமல் அம்மாவிடம் நீட்டியது.