தோன் நிகானோரின் வெள்ளிக் குழல்

“நாளைக்கு மத்தியானம் என் பொண்டாட்டியச் சுடப்போறாங்க ஐயா!” என்று நீதிபதி உகார்த்தேயின் காலில் விழுந்தான் மாட்டுக்காரன் ஃபெர்மீன்.

அவன் மனைவி சிரிலா, தோன் நிகானோர் வீட்டுச் சமையல்காரி. நிகானோர் தோல் உரிப்பவராகத் தொடங்கி, இருபதே வருடத்தில் ஆற்றங்கரை நிலத்தையெல்லாம் வளைத்துப் போட்டவர். பாதி ஊருக்கு அவர் அப்பன், மீதி ஊருக்குக் கசாப்புக்காரன். அவரைத் தாங்கிய ஆளுநர் போரில் தோற்றதும் ஆட்டம் அடங்கிவிட்டது. நேற்று, குடுவையில் இலை போட்டு வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சும் மாத்தே பானத்தைக் குடித்தபடியே விழுந்து செத்தார். சிரிலாதான் விஷம் வைத்தாள் என்று சத்தியம் செய்தான் மருமகன் ஒக்தாவியோ.

“யார் யார் குடிச்சாங்க?”

“ஊத்துறவதானே முதல்ல குடிக்கணும், தகரக் குழல்ல இவ குடிச்சா. அப்புறம் அதுலயே மருமகன். கடைசியா முதலாளி, தன் வெள்ளிக் குழல்ல. நேத்துக் காலையிலதான் மருமகன் அதைத் தட்டார்கிட்டேருந்து வாங்கியாந்தாரு.”

“கடைசியில வெந்நீர்ல கலந்திருப்பா!” என்று துள்ளினான் குமாஸ்தா ரெமிஹியோ.

“நேத்து அங்க போனதும் அந்தக் கெட்டில்ல மிச்சமிருந்ததுல மாத்தே போட்டுக் குடிச்சது யாருப்பா?” என்று அவன் பக்கம் திரும்பினார் நீதிபதி.

ரெமிஹியோவுக்கு முகம் வெளுத்தது. “விஷம்னு அப்ப யாரும் சொல்லலையே ஐயா...”

“நீ குத்துக்கல்லாட்டம் நிக்கிறே. அப்ப தண்ணி சுத்தம்.”

மாலையில் நிகானோர் வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்தார் உகார்த்தே. காவலர்கள் சிரிலாவையும் கொண்டுவந்தார்கள். உகார்த்தே அந்த வெள்ளிக் குழலைச் செருகிய குடுவையை ஒக்தாவியோவிடம் நீட்டினார்.

“நன்றி, வேண்டாம்” என்றான் அவன். நெற்றி வியர்த்தது.

“ஒரு வாய்கூடக் குடிக்காம நன்றியா? குடிச்சு முடிச்சவன்தானே அதைச் சொல்லுவான்!” என்று சொல்லிவிட்டு உகார்த்தே தாமே உறிஞ்சினார்.

“ஐயோ, துப்புங்க!” என்று அலறினான் ஒக்தாவியோ.

“இங்க வர்றதுக்கு முன்னாடியே குழலை மூணு தரம் கொதிக்க வச்சாச்சு. அதே தண்ணி, அதே குடுவை, அதே இலை. மாறினது குழல் மட்டும். அதுக்குள்ள விஷம் இருந்துச்சுன்னு உனக்கு மட்டும் எப்படிப்பா தெரியும்? புது அரசு நிலத்தைப் பறிக்கிறதுக்குள்ள உன் பேருக்கு மாத்தணும்னு அவசரம், இல்லையா?”

ஒக்தாவியோ வாசல் பக்கம் பாய்ந்தான். காவலர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். சிரிலாவின் கைக்கட்டை ரெமிஹியோவே ஓடிப்போய் அவிழ்த்தான். ஃபெர்மீன் அவளைக் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதான். எல்லாருக்கும் அப்போதுதான் மூச்சே வந்தது.

சிரிலா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். “தோல் உரிச்ச காலத்துல எங்க தகரக் குழல்லதான் குடிப்பாரு மனுஷன். அதை விடாம இருந்திருந்தா இன்னிக்கும் உசிரோட இருந்திருப்பாரு. சரி வாய்யா, வீட்டுக்குப் போலாம். நேத்திலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல.”