ஏழாம் மேசையின் நடுவில்

"அண்ணாச்சி, ஒரு மேசை என் வேலையைத் தின்னுது" என்றபடி ஜெயபாய் உள்ளே வந்தபோது, ஆறுமுகநயினார் கடலை மிட்டாயைப் பாதியில் நிறுத்தினார். வ.உ.சி. துறைமுகத்தில் கன்டெய்னர் சீல்களைச் சரிபார்த்து ஓய்வுபெற்றவர். இப்போது ஊராரின் மர்மங்களைச் சரிபார்க்கிறார். உதவியாளன் நேசக்குமாருக்கு யாரையாவது கைது செய்ய வேண்டும். அதற்கு அதிகாரமில்லை என்பதை அவன் ஒரு சிறு குறையாகவே கருதினான்.

ஜெயபாய் இறால் பதப்படுத்தும் கம்பெனியொன்றில் சுகாதார சூப்பர்வைசர். பிளீச்சிங் கரைசல் கையுறைக்குள்ளும் புகுந்து பெண்களின் கைகளை வெடிக்க வைத்தது. அதனால் மேசைகளை நீராவியால் சுத்தம் செய்யும் மெஷினைப் போராடி வாங்க வைத்திருந்தாள். ஆனால் மேசையில் அழுக்கு மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் மூன்று நாளாகத் தோல்வி. சோதிப்பது எப்போதும் ஏழாம் மேசையின் நடுவில்தான். இன்று ஐந்து மணிக்குள் தேறாவிட்டால் பிளீச்சிங் திரும்ப வந்துவிடும்.

"ஸ்டோர்கீப்பர்தான் செஞ்சிருப்பான்!" என்றான் நேசக்குமார், அப்படியொருவர் இருக்கிறாரா என்று தெரியாமலே.

இருந்தார். பெயர் ஃபிராங்க்ளின். "வாடையே இல்லாம எப்படிங்க சுத்தமாகும்?" என்று கம்பெனி வாசலிலேயே கேட்டார். நேசக்குமார் வெற்றிப் புன்னகை பூத்தான்.

உள்ளே நீராவி அடித்து முடித்திருந்தார்கள். மேசைகளில் தேங்கிய நீரை வழித்துவிட்ட நான்கு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஜெயபாய் ஏழாம் மேசையின் நடுவில் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கருவியில் வைத்தாள். சிவப்பு விளக்கு. ஓரத்தில் தேய்த்தாள். பச்சை.

நயினார் குனிந்து மேசைமேல் ஊதினார்.

"ஐயோ, ஊதாதீங்க அண்ணாச்சி!"

"தோத்த மேசைதானம்மா."

எஃகில் மூச்சு பனிபோல் படர்ந்தது. நடுவில் இரண்டு சின்னக் கோடுகளில் மட்டும் படரவில்லை. ஒன்றின் குறுக்கே மற்றொன்று, சிலுவைபோல. நயினார் நிமிர்ந்து பெண்களின் கைகளைப் பார்த்தார். எல்லாக் கையுறையிலும் தண்ணீர் சொட்டியது. சட்டையில் 'பிலோமி' என்று பெயர் தைத்திருந்தவளுக்கு இடது கையில் மட்டும் சொட்டியது.

"ஃபிராங்க்ளினைப் பிடிச்சிரவா?" என்றான் நேசக்குமார்.

"ஏலே, கெடுக்க வந்தவன் குருசு போடுவானா? நல்லா நடக்கணும்னு நினைச்ச ஆள் போட்டது. எண்ணெய் தொட்ட வெறும் விரல். மனுசத் தோல் பட்ட இடத்தை இந்தக் கருவி காட்டிக் கொடுத்துரும். குருசு போட்டுட்டு வலது கைக்குப் புதுக் கையுறை மாட்டியிருக்கு. அதான் காஞ்சு கிடக்கு. என்னம்மா பிலோமி?"

பிலோமி அழுதுவிட்டாள். "கோயில்ல மந்திரிச்ச எண்ணெய் அக்கா. வாடையே வரலையா, வெறும் ஆவி என்னத்தச் சுத்தம் பண்ணும்னு பயம். பிளீச்சிங் திரும்ப வந்தா என் கை தாங்காது. மொத நாள் தோத்ததும், மறுநாள் ரெண்டு சொட்டு கூடவே வச்சேன்."

மேசைக்கு மறுபடி நீராவி அடித்தார்கள். யாரும் தொடவில்லை. மேனேஜர் முன்னிலையில் பச்சை விளக்கு எரிந்தபோது மணி ஐந்துக்குப் பத்து. நீராவியே தொடரட்டும் என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

"அப்போ கைது?" என்றான் நேசக்குமார், கடைசி நம்பிக்கையுடன்.

"ஜெபம் பண்ணதுக்கு எந்தச் செக்‌ஷன்ல?"

எல்லோரும் கலைந்த பிறகு பிலோமி ஜெயபாயின் அருகில் வந்து நின்றாள். "கோவமா அக்கா?"

"இல்லாம? மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல. வா ஏளா, சாப்பிட்டுக்கிட்டே சண்டை போடுவோம்."