ஜீவராணியின் பெருவிரல்

ஒரு சனிக்கிழமை பின்னேரம்தான் போன் முதன்முதலாக அவளுடைய விரலை மறுத்தது. தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு வந்த ஜீவராணி, இடுப்பில் கட்டியிருந்த ஈரப் படங்கை வாசலில் உதறித் தொங்கவிட்டு, அரிசி டின்னுக்குள் கையை விட்டுப் போனை எடுத்து, எதிர்பார்த்த செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்கப் பெருவிரலை வைத்தாள். கண்ணாடியில் ரேகைப் படம் பச்சையாக எரிந்து, பூட்டுத் திறக்காமலே அணைந்தது. கொழுந்துக் கறையாக இருக்கும் என்று தேசிக்காய்ச் சாறு தேய்த்துக் கழுவிவிட்டு வந்து வைத்தாள். அதற்கும் மசியவில்லை.

அந்தப் போனுக்குள்தான் அவள் புருஷன் நிஷாந்த் தொலைந்துபோயிருந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். பதுளை பஸ் ஸ்டாண்டில் ஆளுக்குக் காத்திருந்த நேரத்தில் ஆரம்பித்த, காசு கட்டிச் சுழற்றும் சக்கர விளையாட்டு, ஆள் வந்து ஏறினாலும் தலை நிமிராத அளவுக்கு முற்றிப்போனது. ஜீவராணி அழுது பார்த்தாள், ஏசிப் பார்த்தாள். கடைசியில், "டவுனுக்கு வந்து யாரையாச்சும் பாருங்க. இல்லாட்டி நான் வெலிமடைக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன். போனா வரமாட்டேன்" என்றாள். அவன் வந்தான். அதுவே அவளுக்குப் பெரிய காரியம்.

ஆலோசனை சொல்லும் நஸ்மியா மிஸ் நல்ல மனுஷி. அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அந்த விளையாட்டுக் கணக்கை அடியோடு மூடச் சொல்லி அந்தப் போனிலிருந்தே எழுதிப் போட வைத்தார். மூடுகிற செய்தி அதே போனுக்குத்தான் வரும், அதுவரை அதை வீசவும் முடியாது என்றார்.

"அதுவரைக்கும் உங்கட விரல வச்சுப் பூட்டுங்க தங்கச்சி. பூட்டுத் தொறக்குற நம்பரும் உங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். ஆச வந்தா ஒளிக்காம உங்களுக்கிட்ட சொல்லட்டும். நீங்க கைய மட்டும் புடிச்சிக்கிட்டு இருங்க. கொஞ்ச நேரத்துல போயிரும்."

சொன்னபடியே நடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "வருது புள்ள" என்பான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். அவன் வியர்த்து, பல்லைக் கடித்து, மெல்ல மூச்சு விடுவான். போய்விடும். ஜீவராணி நம்பத் தொடங்கியிருந்தாள். நம்பிக்கை வந்த பிறகுதான் இந்த விரல் விவகாரம்.

கொழுந்து ஆய்கிற கைக்கு ரேகை தேய்வது புதிதல்ல. அடையாள அட்டைக்குப் போனபோது, ரேகை விழவில்லை என்று கந்தோர்க்காரன் அலுத்துக்கொண்டதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதனால் மனதைத் தேற்றிக்கொண்டு நம்பரைப் போட்டுப் பார்த்தாள். செய்தி வரவில்லை. ஆனால் யாரும் தொடாத போன் சுட்டது. அது கிடந்த இடத்து அரிசியும், அடைகோழி எழுந்துபோன இடத்தைப்போலச் சூடாக இருந்தது.

மறுநாள் பகலெல்லாம் மழை. நாலு மணிக்கே மூடுபனி இறங்கி, கரண்டும் போனது. தகரக் கூரையில் மழை விழும் இரைச்சல், அடுப்பில் ஈர விறகின் புகை, பக்கத்து வீட்டுக்காரர்களின் இருமல், இவற்றுக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். டின்னுக்குள்ளிருந்து. அரிசி மெதுவாகச் சரியும் சத்தமும் கூடவே வந்தது.

மூடியைத் திறந்தாள். சத்தம் நின்றது. இருண்ட கண்ணாடியில் ஒரு பெருவிரல் அடையாளம் படிந்திருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். நகம் வழுக்கியது.

கறை கண்ணாடிக்கு உட்புறம் இருந்தது. அதன் குறுக்கே, சாய்வாக, ஒரு வெட்டுத் தழும்பு.

சின்ன வயதில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி கிழித்த தழும்பு அது. அவளுடையது. ஜன்னலுக்கு ஓடி விரலை வெளிச்சத்தில் பிடித்தாள். ரேகை இல்லை. தழும்பும் இல்லை. கொழுந்து ரேகையைத் தேய்க்கலாம். தழும்பை எது தேய்க்கும்?

நிஷாந்த் நனைந்து வந்தான். அவள் மெழுகுதிரியைத் தூக்கிப் பிடித்தாள்.

"போன தொட்டீங்களா?"

"சாமி சத்தியமா இல்ல புள்ள. இந்தா பாரு." இரண்டு கைகளையும் விரித்து நீட்டினான்.

பார்த்தாள். அவன் கொழுந்து ஆய்கிறவன் இல்லை. ஆனால் பத்து விரல் நுனியும் மொழுமொழுவென்று இருந்தன. உள்ளங்கையில்கூட ஒரு கோடு இல்லை. கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி.

"இது எப்ப இருந்து?"

அவன் தன் கையையே யாருடையதோ போலப் பார்த்தான். "தெரியல. கவனிக்கல."



டின்னுக்குள் மணி அடித்தது.

எடுத்து நம்பரைப் போட்டாள். செய்தி வந்திருந்தது. நிஷாந்தின் கணக்கை மூட உறுதி செய்யவும். கீழே இரண்டு கட்டங்கள். மூடு. சுழற்று.

"அமுக்கு புள்ள," என்றான் அவன். "முடிச்சிரு. நல்லா இருப்போம்."

மூடு என்பதைத் தொட்டாள். கண்ணாடியில் எழுத்து மாறியது.

விரலை வையுங்கள், ஜீவராணி.

அந்த விளையாட்டுக்கு அவள் தன் பெயரைக் கொடுத்ததே இல்லை. போனைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். யாரும் தொடவில்லை. இரண்டு பேரும் எட்டி நின்றார்கள்.

கண்ணாடிக்கு அடியில் ஏதோ மேலே வந்தது. மங்கலாக. பிறகு தெளிவாக. ஒரு பெருவிரல் நுனி. சாய்ந்த தழும்பு. உள்ளிருந்து கண்ணாடியில் அழுந்தித் தட்டையானது.

சுழற்று என்ற கட்டத்தில்.

டிக். டிக். டிக்.

சக்கரத்தின் வெளிச்சம் நிஷாந்தின் முகத்தில் ஏறியது. அவன் கண் இமைக்கவில்லை.

"ஏங்க, வருதுன்னு சொல்லுங்க," ஜீவராணி அவன் கையைப் பிடித்தாள். "சொல்லுங்க. நான் புடிச்சிக்கிறேன்."

பிடித்தாள். வழுக்கியது. இரண்டு கையாலும் இறுக்கினாள். அவன் விரல்களும் அவள் விரல்களும் ஒன்றையொன்று பற்றவில்லை. ஈரச் சவுக்காரம் போல அவன் கை அவள் பிடியிலிருந்து நழுவியது.

அவன் போனருகே மண்டியிட்டான்.

"காசு விழுந்திருச்சு புள்ள," என்றான், மிகவும் அன்பாக. "இன்னும் ஒரே ஒரு தடவ."

கண்ணாடியின் உட்புறம், தழும்பு விரலுக்குப் பக்கத்தில், கிரீஸ் கறுப்பு ஏறிய இன்னொரு பெருவிரல் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து அமுக்கின.