டேப் ஒட்டிய ஜன்னல்

எழுந்தான். பல் துலக்கினான். பாலைச் சுட வைத்தான். ஈரத்துணியால் ஜன்னலோரம் இருந்த மனைவியின் மேசையைத் துடைத்தான். துணி கறுத்தது.

அவள் இறந்த வாரமே ஜன்னல் இடுக்குகளையெல்லாம் டேப் ஒட்டி அடைத்துவிட்டான். கொசு நுழையக்கூட வழியில்லை. ஆனாலும் தினமும் காலையில் கரி; அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேரே மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு.

கீழே சிக்னல். பச்சைக்குக் காத்திருப்பவர்கள் யாரும் எஞ்சினை அணைப்பதில்லை. அணைத்தால் கௌரவம் குறைந்துவிடும் போல. அந்தப் புகைக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில், வீட்டிலேயே, இந்த மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, ஒரு கார் கம்பெனிக்கு வரும் புகார்களைப் போனில் கேட்டாள் அவள். ஏசி குளிரவில்லை என்று அழுதவர்களிடமெல்லாம் இருமலை அடக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அவள் நுரையீரலின் படத்தைப் பார்த்த டாக்டர், "வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?" என்றார். ஊரே பிடிக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

அவளுடைய அண்ணன் வந்தார், நினைவஞ்சலி விளம்பரத்துக்குப் படம் வாங்க. கீழே அவர் கார் உறுமிக்கொண்டிருந்தது.

"எஞ்சினை ஆஃப் பண்ணச் சொல்லலாமே மச்சான்."

"ஏசி நின்னா சீட்டு சூடாயிடும் மாப்ள. ரெண்டு நிமிஷம்தானே."

அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"இயற்கை எய்தினார்னு போட்டுரலாம். எங்க பரம்பரைக்கே நெஞ்சு வீக்கு. புகையாவது, மண்ணாவது. கடைசி மூச்சுலகூட 'அண்ணா'ன்னுதான் கூப்பிட்டா. அதையும் ஒரு வரி சேர்த்துருவோம்."

ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர்.

மூலையில் ஏர் பியூரிஃபையர். நீல விளக்கு எரிந்தால் காற்று சுத்தம். இப்போது சிவந்தது. மச்சானின் சென்ட் என்று நினைத்தான். நீலமானது. மறுபடி சிவந்தது. டீசலும் சூடான ரப்பரும் கலந்த நாற்றம் எழுந்து, தணிந்து, மறுபடி எழுந்தது. கூடவே, ஈரப் பையொன்றை யாரோ ஊதி ஊதி விரிப்பது போல ஒரு சத்தம்.

அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். ராத்திரி ராத்திரியாக அவள் பக்கத்தில் படுத்துக் கேட்டது.

சிவப்பு. நீலம். சிவப்பு.

மச்சான் இருமினார். கைக்குட்டையை விரித்துப் பார்த்தார். கறுப்பு.

"ஜன்னலைத் திற மாப்ள."

இழுத்தான். நகம் பிய்ந்தது. டேப் வரவில்லை. கண்ணாடியில், உட்புறமாக, மச்சானின் தலைக்குப் பின்னால், அவள் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில், ஆவி படிந்தது. கறுத்த ஆவி. வட்டமாக. மறைந்தது. மறுபடி படிந்தது. இன்னும் பெரிதாக. இன்னும் கிட்டத்தில்.

கடைசி மூச்சில் அவள் அண்ணனைக் கூப்பிடவில்லை. ஆம்புலன்ஸ் இதே சிக்னலில் மாட்டி நின்றபோது, அதன் ஜன்னலை மூட அவன் எழுந்தான். அவள் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிச் சொன்னாள்:

"மூடி என்ன பண்ணப் போறீங்க? அது உள்ள வந்து ரொம்ப நாளாச்சு."