அம்மாவும் ஊழியர்தான்

ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கம் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் அம்மா தூங்கிவிடுவாள். சுவர்க் கடிகாரம் தப்பினாலும் அது தப்பாது.

முதலில் தலை முன்னால் சாயும். திடுக்கென்று நிமிரும். பிறகு மெதுவாகக் குண்டூசியின் தோளில் வந்து இறங்கும். குண்டூசிக்குப் பத்து வயது. ஆள் ஒல்லி, வாய் கூர்மை. அதனால் அந்தப் பெயர். அம்மாவின் தலை என்னவோ பாறாங்கல் மாதிரி கனக்கும்.

"வீட்டுலயே தூங்கலாமேம்மா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"வீட்டுல படுத்தா துவைக்காத துணியெல்லாம் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. இங்க உட்கார்ந்தாதான் தூக்கம் வருது. ஆண்டவர் என்ன, எழுந்து போன்னு விரட்டவா போறார்?"

ஆண்டவர் விரட்டவில்லை. பின்வரிசைப் பெண்கள் மட்டும் கைக்குட்டைக்குள் சிரித்தார்கள்.

அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. விடியுமுன் கிளம்புவாள், பொழுது சாயும்போது வருவாள். வந்ததும் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருவாள். அரை மணி நேரம் அவளிடம் எதுவும் பேசக்கூடாது. பேசினாலும் பதில் வராது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதனால் அந்த அரை மணி நேரமும் குண்டூசி கதவோடும் பாத்திரத்தோடும் பேசிக்கொண்டிருப்பாள்.

சிக்கல் ஒரு துண்டுக் காகிதத்தில் தொடங்கியது.

ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தும் டீச்சர் அக்கா எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுத்தாள். அதில் மூன்று கேள்விகள்.

உங்கள் வீட்டில் ஊழியர் யாராவது உண்டா? எங்கே ஊழியம் செய்கிறார்? எத்தனை ஆண்டுகளாக?

குண்டூசி யோசிக்கவே இல்லை. தினமும் காலையில் அம்மாவின் அடையாள அட்டையை எடுத்துக் கொடுப்பது அவள்தான். அதில் அம்மாவின் படத்துக்குக் கீழே 'ஊழியர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஆகவே எழுதினாள்: உண்டு. என் அம்மா. பெரிய ஆஸ்பத்திரி. பதினோரு ஆண்டுகள்.

சபையில் ஊழியர் என்றால் வேறு. கடவுளின் வேலைக்கென்றே தன்னைக் கொடுத்தவர். பிரசங்கம் செய்வார், வீடு வீடாகப் போய் ஜெபிப்பார், நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்வார். இது குண்டூசிக்குத் தெரியாதது இல்லை. அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் அந்தக் காகிதங்களோடு எழுந்தார். நல்ல மனிதர். குரல்தான் கொஞ்சம் பெரிது.

"அடுத்த வாரம் நம்ம சபையில இருக்கிற ஊழியர்கள் முன்னாடி வந்து தங்க ஊழியத்தைப் பத்தி சாட்சி சொல்லப் போறாங்க. அதுல ஒரு சகோதரி, பதினோரு வருஷமா ஆஸ்பத்திரி ஊழியம் செய்றாங்க! ஆறு மாசமா நம்ம கூட இருக்காங்க, ஒரு வார்த்தை வெளிய சொல்லலை! சகோதரி, வருவீங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குண்டூசி அம்மாவின் தோளை உலுக்கினாள். அம்மா திடுக்கிட்டு விழித்தாள். பிரசங்கம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆமென்!" என்றாள் சத்தமாக.

சபை முழுவதும் கை தட்டியது.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் அம்மாவுக்கு விஷயம் புரிந்தது. நடு வீதியில் நின்றுவிட்டாள்.

"அடிப்பாவி! நானா? ஊழியமா? எனக்கு ராத்திரி ஜெபம் பண்ணவே பாதியில வாய் குழறுது!"

"அட்டையில அப்படித்தானேம்மா போட்டிருக்கு."

"அட்டையில போட்டிருந்தா? நான் ஒரு நோயாளி முகத்தைப் பார்த்திருப்பேனா? அவங்க படுத்த துணியைத்தான் பார்த்திருக்கேன்." அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அத்தனை பேருக்கு முன்னாடி நின்னு, இல்லைங்க, நான் வெறும் துணி துவைக்கிறவன்னு சொல்லணும். பின்வரிசைக்கு ஒரு மாசம் சிரிக்க இது போதும். அதுக்கப்புறம் எந்த முகத்தோட வந்து அங்க உட்கார்றது?"

வாரம் முழுக்க உழைக்கிற அம்மாவுக்கு நிம்மதியாகத் தூங்க இருந்தது ஒரே ஒரு இடம். அதையும் குண்டூசி கெடுத்துவிட்டாள்.

"நான் சரி பண்றேம்மா," என்றாள்.

"நீ பண்ணினதே போதும்."

புதன்கிழமை பள்ளி விட்டதும் டீச்சர் அக்காவின் வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, அம்மா நீங்க நினைக்கிற ஊழியர் இல்ல. அவங்க அழுக்குதான் வெளுக்கிறாங்க."

டீச்சர் அக்காவின் கண்கள் மின்னின. "எவ்வளவு அழகா சொல்றே! பாவ அழுக்கு!"

"இல்லக்கா. நிஜ அழுக்கு. ரத்தக்கறை. சுடுதண்ணி ஊத்தினா கறை ஒட்டிக்கும், பச்சைத் தண்ணிலதான் முதல்ல ஊற வைக்கணும்..."

"சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு ஆழம்! உங்க அம்மாவோட தாழ்மை அப்படியே உனக்கும் வந்திருக்கு!"

உண்மையைச் சொல்லச் சொல்ல அம்மா இன்னும் பெரிய ஊழியராக ஆகிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அம்மா சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போனாள். சலவைப் பிரிவில் இரண்டு பேர் லீவு. அவர்கள் வேலையும் சேர்ந்துகொண்டதால் அந்த வாரம் அம்மா நடமாடும் பொம்மை மாதிரிதான் இருந்தாள். குண்டூசி டப்பாவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போனாள்.

உள்ளே ஒரே ஆவி. மெஷின்கள் உறுமின. ஒரு ஓரத்தில் அம்மாவும் நெட்டை அத்தையும் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். நெட்டை அத்தை அம்மாவின் கூட்டாளி. அம்மா குட்டை, அத்தை நெட்டை. அதனால் அவர்கள் பிடிக்கும் விரிப்பு எப்போதும் சறுக்கு மரம் மாதிரி சாய்ந்திருக்கும்.

மடிப்பதற்கு முன் அம்மா ஒரு காரியம் செய்தாள். விரிப்பை மேசையில் போட்டு, முழங்கைக்குக் கீழே, கையின் உள்பக்கத்தால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடவினாள். ஒன்றை எடுத்துத் தனியே போட்டாள். அடுத்ததையும் தடவினாள்.

"என்ன அத்தை பண்றாங்க?" என்று குண்டூசி மெதுவாகக் கேட்டாள்.

"உங்க அம்மாவா? பைத்தியம் பண்றா," என்றாள் நெட்டை அத்தை. "தையல் முடிச்சு, மடிஞ்சுபோன சுருக்கம், எதாச்சும் இருக்கான்னு பார்க்கிறா. உள்ளங்கை காய்ச்சுப்போச்சு, ஒண்ணும் தெரியாது. அதான் முழங்கையால. எழுந்திருக்க முடியாம கிடக்கிறவங்களுக்குச் சின்னச் சுருக்கம் குத்தினாக்கூட முதுகு புண்ணாயிடுமாம். இவளால தினமும் எங்களுக்கு அரை மணி லேட்டு!"

"யாராவது பார்க்கச் சொன்னாங்களா?"

"யார் சொல்லப் போறா? நானும் திட்டிப் பார்த்தேன். ஆண்டவர் வந்து படுத்தா அவர் முதுகுல குத்தக்கூடாதுங்கறா. அவர் எதுக்குடி ஆஸ்பத்திரிக்கு வரப்போறார்னு கேட்டேன். எந்தக் கட்டில்ல வருவார்னு சொல்லிட்டா வரப்போறார்ங்கறா. இவகூட மாரடிக்க முடியுமா, சொல்லு!"

அம்மா நிமிர்ந்தாள். "அங்க என்னடி வம்பு? டப்பாவை வச்சுட்டு வீட்டுக்குப் போ."

ஞாயிறு காலை அம்மா சீக்கிரமே எழுந்து தலை வாரினாள். முகம் வெளுத்திருந்தது.

"போகாம இருந்தா பொய்யை அப்படியே விட்ட மாதிரி ஆயிடும்," என்றாள். "நானே சொல்லிடறேன். சிரிச்சா சிரிக்கட்டும்."

சபை நடப்பது வாடகை மண்டபத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு மின்விசிறிகள். ஒன்று சுற்றும், இன்னொன்று யோசிக்கும். அம்மா நாற்காலியின் நுனியில் விறைப்பாக உட்கார்ந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தாள்.

முதலில் சாட்சி சொல்ல வந்தவர் பல ஊர்களுக்குப் போனவர். பேச்சிலேயே ஒவ்வொரு ஊருக்கும் சபையையும் கூட்டிக்கொண்டு போனார். நான்காவது ஊரில் அம்மாவின் உதடு நின்றது. ஐந்தாவது ஊரில் தலை குண்டூசியின் தோளுக்கு வந்தது.

"அடுத்து, ஆஸ்பத்திரி ஊழியம் செய்கிற நம்ம சகோதரி!"

குண்டூசி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் இப்படித் தூங்கியதே இல்லை. எழுப்பக் கையைத் தூக்கினாள். பிறகு இறக்கினாள்.

தன் பையை எடுத்து அம்மாவின் தலைக்கு முட்டுக் கொடுத்தாள். தனியாக முன்னால் நடந்தாள். மைக் அவளுக்கு எட்டவில்லை. பாஸ்டர் அதை இறக்கிக் கொடுத்தார்.

"காகிதத்துல தப்பா எழுதினது நான்தான்," என்றாள். "அம்மா நீங்க சொல்ற ஊழியர் இல்ல. அட்டையில போட்டிருக்கிற ஊழியர். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறாங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குண்டூசி அந்தப் பக்கமே பார்த்தாள்.

"துவைச்சுட்டு ஒவ்வொரு விரிப்பையும் முழங்கையால தடவிப் பார்க்கிறாங்க. யாரும் பார்க்கச் சொல்லலை. சுருக்கம் இருந்தா படுத்துக் கிடக்கிறவங்களுக்கு முதுகு புண்ணாயிடுமாம். ஆண்டவர் எந்தக் கட்டில்ல வந்து படுப்பார்னு தெரியாதாம். அதனால எல்லாத்தையும் பார்க்கிறாங்க. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு." மூச்சு வாங்கினாள். "அதான் இங்க வந்து தூங்கறாங்க. மன்னிச்சுக்குங்க. எழுப்பாதீங்க."

பாஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, ஆச்சரியம், ஒன்றும் சொல்லாமலே மூடிக்கொண்டார்.

அடுத்து பாட்டு. டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் குச்சிகளை ஓங்கியவர், அம்மா பக்கம் பார்த்துவிட்டு அவற்றைத் தரையில் வைத்தார். விரலால் தட்டினார். நூறு பேர் முணுமுணுவென்று பாடினார்கள். குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி இருந்தது. பின்வரிசையில் களுக்கென்று சிரித்தவள்தான் எழுந்து போய், அம்மா பக்கம் இருந்த ஜன்னலைச் சாத்தி வெயிலை மறைத்தாள்.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். டீச்சர் அக்கா மட்டும் குண்டூசியிடம் வந்தாள்.

"நிஜமாவே அழுக்குத் துணிதானா?" என்று காதோடு கேட்டாள்.

"நான்தான் சொன்னேனேக்கா!"

டீச்சர் அக்கா தலையில் அடித்துக்கொண்டு போனாள். குண்டூசியும் பாஸ்டரும் நாற்காலிகளைச் சத்தமில்லாமல் அடுக்கினார்கள். அம்மாவின் நாற்காலியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

"பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தைப் பூட்டிச் சாவி கொடுக்கணும்," என்றார் பாஸ்டர், முதல் முறையாகச் சின்னக் குரலில். "அம்மா எப்ப எழுந்திருப்பாங்க?"

"பசிச்சா எழுந்திருவாங்க ஐயா."

பாஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரும் அதிகாலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர். கொஞ்ச நேரத்தில் அவர் தலையும் மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்தது.

குண்டூசி அவர் கையிலிருந்து நழுவப் பார்த்த சாவியை எடுத்துக்கொண்டு, யாரும் உள்ளே வந்து சத்தம் போட்டுவிடாதபடி வாசலில் போய் உட்கார்ந்தாள்.